மாசித் திங்களில் மலையில் தங்குதல்: ஒரு வரலாற்று நோக்கு

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவை எங்கு, எவ்வாறு நடத்துவது என்பது பற்றிச் செயற்குழு கூடியபோது இளங்கவிஞர் ஒருவர் எழுந்து ஒரு கருத்தை முன்வைத்தார். “ஒவ்வோர் ஆண்டும் உத்திரமேரூரில் மண்டபத்திலேயே கூடுகிறோம். இவ்வாண்டு மாசிக் கடைசியில் நீலமலைக்குச் செல்வோம். முக்குருத்தி தேசியப் பூங்காவில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்குவோம். வசந்தத்தின் வாசலில், தீ மூட்டிச் சுற்றி அமர்ந்து கவியரங்கம் நடத்துவோம்” என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தட்டிய கைகளுள் என் கைகளும் இருந்தன என்பதை இங்குச் சொல்லிவிடுதல் முறை.

வனத்துறையிடம் கேட்டறியும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. கேட்டேன். பூங்காவுக்குள் கூடாரம் அடிக்கவும் தீ மூட்டவும் இயலாது என்றும், அந்த மாதத்தில் மலையேற்றப் பாதைகளே மூடப்பட்டிருக்கும் என்றும் விடை வந்தது. அடுத்த கூட்டத்தில் இதனைத் தெரிவித்தபோது மூத்த கவிஞர் ஒருவர் வருத்தத்துடன், “மலைக்குமா பூட்டு?” என்று கேட்டார். அன்று நான் ஏதும் சொல்லவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடிப் படித்தவற்றின் தொகுப்பே இக்கட்டுரை.

பாசறையும் கல்லளையும்

மலையிலும் காட்டிலும் இரவு தங்குதல் தமிழருக்குப் புதியதன்று. பாசறை, பாடிவீடு, பாளையம் எனப் படை தங்கும் இடத்துக்கே நம் மொழியில் பல சொற்கள் உள்ளன. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகளே கொண்ட சிறு நூல். எனினும் கானாற்றை அடுத்துக் காட்டை வெட்டி, முள்ளால் வேலியிட்டு, தழை வேய்ந்த குடில்களைத் தெருத்தெருவாக அமைத்த ஒரு பாசறையை அது முழுமையாகக் காட்டிவிடுகிறது. நாழிகை பார்த்துச் சொல்வோரும், அரசனின் இருக்கையைக் காக்கும் யவனரும் அங்கு உண்டு. ஆயின் அது போருக்காகக் காட்டை அழித்து அமைத்த தங்கல்.

இன்னொரு வகைத் தங்கலைப் பாறைகள் காட்டும். மாங்குளம், புகளூர், சித்தன்னவாசல் முதலிய இடங்களில் இயற்கைக் குகைகளின் தரையில் செதுக்கப்பட்ட கற்படுக்கைகளும், அவற்றை அளித்தோரின் பெயர் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. சமண முனிவர் அங்கு வாழ்ந்தனர். குகையின் முகப்பில் மழைநீர் உள்ளே வழியாதவாறு பாறையில் வெட்டிய தாழ்வாரக் கோடும், ஓராள் படுக்குமளவு இழைத்த கல்லுமே அங்கு மனிதர் செய்துகொண்ட வசதிகள்.

மூன்றாம் வகையை மலைபடுகடாம் சொல்லும். செங்கண்மாத்து நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளும் கூத்தர்க்கு மலைவழி சொல்லும் அடிகள். எப்படிப் போகலாம் என்பதைக் காட்டிலும் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதையே புலவர் மிகுதியாகச் சொல்கிறார். பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள வழி, பாம்பு உறையும் இடம், தினைக்காவலர் எறியும் கவண்கல் வரும் திசை என அவர் ஒவ்வொன்றாக எச்சரிக்கிறார். இருட்டினால் நடவாமல் சொந்த வீட்டினுள் புகுவதுபோலக் கல்லளையில் புகுந்து தங்கிவிடுமாறு கூறுகிறார். மலைவாணரின் சிற்றூரை அடைந்தால் அவர்கள் விருந்தினராக இருக்கச் சொல்கிறார். மலை ஏற்கெனவே ஒருவருடைய இடம், அங்குச் செல்பவர் விருந்தினர் என்பதே நூல் முழுவதும் ஊடாடும் எண்ணம். காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும், வழியில் எந்நிலத்து மக்கள் எவ்வுணவு தருவர் என்பதே விரிவாகப் பேசப்படுகிறது.

நன்னனின் நவிரமலையை இன்றைய பருவதமலை என்பர். ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில் தோழியர் நால்வருடன் அங்கு ஏறியிருக்கிறேன். அதுவும் ஒரு மாசித் திங்களே. கடப்பாறைப் படியில் கை வழுக்க ஏறியபோது இருபுறமும் புல் மஞ்சளாய்க் காய்ந்து, காற்றுக்குச் சரசரத்துக்கொண்டிருந்தது. ஒரு சரிவு முழுவதும் கறுத்துக் கிடந்தது. அதை நான் நிழல் என்று எண்ணினேன். உடன் வந்த ஊர்ப்பெரியவர், “அது நிழல் இல்லைம்மா, போன வாரம் எரிஞ்ச புல்லு” என்றார். அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

பின்பனி யாருடைய பருவம்?

ஆங்கிலக் கவிதை படித்தோர்க்கு மார்ச்சு மாதம் வசந்தத்தின் தொடக்கம். பனி உருகி, மொட்டு விரிந்து, மூடிய வீடுகளின் கதவுகள் திறக்கும் காலம் அது. குளிர்நாட்டு மலைப்பூங்காக்களுக்குக் கூடாரத்துடன் செல்வோர் எதிர்நோக்கும் பருவமும் அதுவே. நம் இளங்கவிஞரின் விருப்பம் அங்கிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நம் வட்டத்தின் முதலாண்டு மலரில், மாசி மலையை வசந்தமே எனக் கூவியழைத்து நானும் ஒரு கவிதை எழுதியுள்ளேன்.

தொல்காப்பியர் பகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். மலைக்குரிய குறிஞ்சித்திணைக்கு அவர் தந்தவை கூதிரும் முன்பனியும். பின்பனியை அவர் பாலைக்கு உரியதாக்கினார். நண்பகலும் வேனிலும் உரிய பாலைக்கே பின்பனியும் உரித்து என்பது அவர் கருத்து. மாணவர்க்கு இந்நூற்பாவை இருபதாண்டுகளாகக் கற்பித்து வரும் நான், இதனை ஒரு தேர்வு வினாவாகவே கருதி வந்தேன். பின்பனியில் காலையில் பனி பெய்கிறதே, அது எவ்வாறு பாலையாகும் என மாணவி ஒருத்தி கேட்டபோது உரையாசிரியர் கூற்றுகளை ஒப்பித்து அமர்ந்துவிட்டேன்.

விடை மலையில் இருக்கிறது. நீலமலையின் உயர்பகுதியில் பின்பனி இரவுகளில் உறைபனி விழும். பகலில் தெளிந்த வானத்து வெயில் காயும். இரவுப் பனி புல்லைக் கருக்க, பகல் வெயில் அதை உலர்த்துகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடை மழை தொடங்காத இடைக்காலம் அது. புல்வெளி முழுவதும் ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும் வைக்கோற்போர் ஆகிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொன்னதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை. மூங்கில் உரசித் தீப்பிடிக்கும் காட்டைப் பாலைப் பாடல்கள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. இன்றைய காட்டுத்தீக்குப் பெரும்பாலும் மனிதரே காரணம். ஆயினும் தீ எப்பருவத்துக்கு உரியது என்பதில் நம் புலவர்கள் பிழை செய்யவில்லை.

நீலமலையில் தங்கியவர்கள்

இப்பருவத்து நீலமலையை நன்கறிந்தவர் தோடர். எருமைகளே அவர்களின் செல்வமும் வழிபாடும். வறண்ட மாதங்களில் அவர்கள் தம் எருமைகளை மேற்கே, ஈரம் எஞ்சியிருக்கும் குந்தா மலைப்பக்கத்து உயர்புல்வெளிகளுக்கு ஓட்டிச் செல்வர். அங்கு அவர்களுக்குப் பருவகால மந்துகள் இருந்தன. அரைவட்டக் கூரையும், தவழ்ந்தே நுழையத்தக்க சிறு வாயிலும் கொண்ட அவர்களின் வீடுகள் குளிருக்கெனவே அமைந்தவை. புல்வெளியின் ஒரு பகுதிக்கு அவர்களே காலம் பார்த்துத் தீயிட்டு, இளம்புல் தழைக்கச் செய்யும் வழக்கமும் இருந்தது. எனவே மாசி மலையில் தங்கும் உரிமையும் அறிவும் உடையவர் இருந்தனர் என்பது உறுதி. 2554 மீட்டர் உயர்ந்த முக்குருத்திச் சிகரமோ அவர்களுக்கு மறுமையின் வாயில். இறந்தோரின் உயிரும் அவர்தம் எருமைகளின் உயிரும் அங்கிருந்தே மறுவுலகு புகும் என்ற நம்பிக்கையைப் பழைய மாவட்ட விவரண நூல்கள் பதிந்துள்ளன.

வெளியாரின் வருகை 1603ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. கள்ளிக்கோட்டையிலிருந்து வந்த யேசுசபைப் பாதிரியார் பெனிசியோ, பழைய கிறித்தவர் எவரேனும் மலைமேல் உளரோ எனத் தேடி ஏறினார். அவர் தம் பயணத்தை விவரித்த மடலின் நாள் 1603 ஏப்பிரல் 1. அவர் கண்டவர்கள் தோடரே. இம்மடலின் மொழிபெயர்ப்பை ரிவர்சு என்னும் அறிஞர் 1906இல் வெளியிட்ட தோடர் பற்றிய தம் பெருநூலின் பின்னிணைப்பாகச் சேர்த்தார்.

இருநூறு ஆண்டுகள் கழித்து ஆங்கிலேயர் வந்தனர். 1812இல் கீசு, மக்மகன் என்ற நில அளவையாளர் ஏறினர். 1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் சான் சலிவன் கோத்தகிரிக்கு அருகில் திம்பட்டியில் முகாமிட்டார். அவ்வாண்டு அங்கு வந்த பிரெஞ்சு இயற்கையறிஞர் லெசனோவின் உடல் நலிவு மலைக்காற்றில் தேறியது. இச்செய்தி பரவியதும் சமவெளி வெயிலுக்கு அஞ்சிய வெள்ளையர்க்கு மாசி, பங்குனி, சித்திரை என்பன மலையேறும் மாதங்கள் ஆயின. சலிவன் உதகையில் கட்டிய கல் பங்களா, கூடாரம் வீடாக மாறியதன் அடையாளம். நம்மிடையே ‘கோடை வாசம்’ என்றொரு வழக்கம் ஏற்பட்டதும், மார்ச்சு பிறந்தாலே மலை நினைவு வருவதும் அங்குத் தொடங்கியவை. மலையின் நாட்காட்டி அவ்வாறு சமவெளியின் வெயிலால் எழுதப்பட்டது.

முகாமிட்டவர்கள் வேட்டையும் ஆடினர். அதனால் வரையாடு அருகிப் போயிற்று. 1877இல் வேட்டைக்காரர்களே கூடி நீலகிரி வேட்டைச் சங்கத்தை அமைத்ததும், 1879இல் வேட்டைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் வந்ததும் இவ்வச்சத்தால்தான். நம் மலையில் ‘இக்காலத்தில் கூடாது’ என எழுத்தில் வந்த முதல் விதிகளுள் அச்சட்டமும் ஒன்று.

வரையாட்டின் பேறுகாலம்

சங்கப் பாடல்களில் வருடை என வரும் விலங்கை வரையாடு எனக் கொள்வர். தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையில் வாழாத இவ்விலங்கு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. செங்குத்துப் பாறையும் அதனை ஒட்டிய புல்வெளியும் இதன் வாழிடம். குன்னூரில் வழக்கறிஞராக இருந்த இ.ஆர்.சி. தாவிதார், 1960களிலும் 1970களிலும் நீலமலையில் நடந்தே திரிந்து வரையாடுகளைக் கணக்கிட்டார். அவர் நினைவாகவே அக்டோபர் 7ஆம் நாள் வரையாடு நாளாக அறிவிக்கப்பட்டது. முக்குருத்தி 1982இல் சரணாலயமாகவும், 1990இல் தேசியப் பூங்காவாகவும் ஆனதற்கு முதற்காரணம் வரையாடே. பூங்காவின் பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். தமிழக அரசு 2022இல் வரையாடு திட்டத்தை அறிவித்தது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதும் 1031 வரையாடுகளே கண்டறியப்பட்டன. 2025இல் அத்தொகை 1303. நம் ஒன்றியத்தின் ஒரு சிற்றூர் மக்கள்தொகைகூட இதனை மிஞ்சும்.

தை, மாசி, பங்குனி ஆகிய திங்கள்களிலேயே வரையாடுகள் பெரும்பாலும் குட்டி ஈனுகின்றன. ஈன்ற தாய் பாறை இடுக்கில் குட்டியுடன் ஒதுங்கியிருக்கும். மனித நடமாட்டத்தால் அது வெருண்டு ஓடினால் குட்டி பின்தங்கும்; பின்தங்கிய குட்டிக்குப் பகை பல. எனவேதான் கேரளத்து இரவிகுளம் தேசியப் பூங்காவையும் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பார்வையாளர்க்கு மூடுகின்றனர்.

இதனை நம் பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உத்திரமேரூரிலிருந்து சிறிது தொலைவில் வேடந்தாங்கல் இருக்கிறது. நீர்க்கடம்ப மரங்களில் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர்கள் அங்குண்டு. பறவைகளைச் சுடுவோரைத் தடுக்க வேண்டி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்சியரிடம் எழுத்துறுதி பெற்றவர்கள் அவ்வூரார். பிள்ளை பெற்ற வீட்டில் மேளம் கொட்டுவாருண்டோ? ஏரிக்கு நாம் அறிந்து நடக்கும் இம்முறையையே மலைக்கு மறந்தோம்.

குரங்கணி

மறந்ததன் விலையை 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் நாடறிந்தது. அது மாசியின் கடைசி வாரம். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைச்சரிவில், மலையேறச் சென்று திரும்பிக்கொண்டிருந்த குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, வீசிய காற்று. மொத்தம் 23 பேர் உயிரிழந்தனர். பலர் சென்னை, ஈரோடு முதலிய ஊர்களிலிருந்து விடுமுறைக்குச் சென்ற இளைஞர்; பெண்கள் பலர். நம் மாணவியர் போன்றவர்கள் அவர்கள். நம்மைப் போலவே மலையை நேசித்துச் சென்றவர்கள்.

அவ்வாண்டே மலையேற்றத்தை நெறிப்படுத்தும் விதிகளைத் தமிழக அரசு வகுத்தது. 2024 அக்டோபரில் நாற்பது பாதைகளுடன் வனத்துறையின் மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவர். அவர்களுள் மலைவாழ் மக்களும் உளர். அப்பாதைகளும் 2025இல் பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்பிரல் நடுப்பகுதி வரை தீக்காலம் கருதி மூடப்பட்டன. ஏறத்தாழ மாசியும் பங்குனியும்! தொல்காப்பியர் பாலைக்குக் கொடுத்த பின்பனியை, அவரை எண்ணாமலேயே வனத்துறையும் பாலைக்குக் கொடுத்துவிட்டது.

பூட்டும் திறவும்

இனி, மூத்த கவிஞரின் வினாவுக்கு வருகிறேன். மலைக்குப் பூட்டு உண்டு. ஆனால் அப்பூட்டு எல்லா வகையிலும் நேர்மையானது எனச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. உலகின் முதல் தேசியப் பூங்காவான எல்லோசுடோன் 1872இல் அமைந்தபோது அங்கு வாழ்ந்த பழங்குடியினர்க்கு இடமில்லாமற் போயிற்று. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் தேசியப் பூங்காக்களில் கால்நடை மேய்ச்சலுக்கு இடமில்லை. முக்குருத்தியின் புல்வெளியில் தலைமுறை தலைமுறையாக எருமை ஓட்டிச் சென்றவர்க்கும் அதே கதவு மூடப்பட்டது. 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் அவ்வநீதியை ஓரளவு ஒப்புக்கொண்டது. விருந்தினரைத் தடுக்கும் கதவு வீட்டாரையும் தடுக்குமாயின், அதைப் பற்றிக் கவிஞர் பேச வேண்டும். நம் கூடாரத்துக்கு இடம் கிடைக்கவில்லை என்பதைவிட அது பெரிய குறை.

நமக்கான பூட்டைப் பற்றி நாம் வருந்த வேண்டியதில்லை. விதிகளைக் கல்லில் வெட்டி வைத்த ஊரார் நாம். வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. அங்கே ஏரி வாரியம் என்றொரு குழு உண்டு. வாரியத்தில் இருப்போர்க்கு 360 நாள்களே காலம். காலம் முடிந்தால் விலக வேண்டும். கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர இயலாது. ஏரி எல்லார்க்கும் பொது என்பதாலேயே அதனை ஆள்வோர்க்குக் காலவரை விதித்தனர் நம் முன்னோர். பொதுவான மலைக்கும் அத்தகைய காலவரை தகும்.

ஆகவே வட்டத்தின் முன் என் பரிந்துரை ஒன்றை வைக்கிறேன். இந்த மாசியில் நாம் மலைக்குச் செல்ல வேண்டாம். வைரமேகத் தடாகக் கரையில், நீர் வடியத் தொடங்கிய ஏரியைப் பார்த்தவாறு மாலையில் அமர்ந்து கவியரங்கத்தை நடத்துவோம். தலைப்பு பாலை என்று இருக்கட்டும். வரும் மார்கழியிலோ தையின் தொடக்கத்திலோ, குறிஞ்சிக்குரிய முன்பனியில், உரிய இசைவுடனும் உள்ளூர் வழிகாட்டியுடனும் பகற்பொழுதில் மலையில் நடந்து, இரவுக்கு அடிவாரத்து ஊரில் தங்குவோம். தீ மூட்ட வேண்டாம். போர்வை கொண்டு செல்வோம்.

என் முதலாண்டுக் கவிதையில் மாசி மலையை வசந்தம் என்றேன். அச்சொல்லை இம்மலரில் திரும்பப் பெறுகிறேன். அந்தச் சரிவில் கறுத்துக் கிடந்தது நிழல் அன்று என்று சொல்லித்தந்த பெரியவர் இன்று இல்லை. அவர் ஒரு வரியில் சொன்னதை விளங்கிக்கொள்ள எனக்கு முனைவர் பட்டமும் இத்தனை ஆண்டுகளும் தேவைப்பட்டன.